துப்புக் கிராணியும் ஒரு சாய்கோடும்

அவர் எதையும் சட்டென்று விழுங்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த மனிதரைப் பற்றி எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அவர் வாயில்தான் வந்து நிற்கப்போகிறேன்.

மலைமேல் இருக்கிற எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்வது அவர் வேலை. காலை எட்டு மணிக்கு நீள மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் முந்தின நாள் தயாரான தூளின் சாயம். அவர் கரண்டியால் ஒரு வாய் எடுத்து, வெளியே கொழுந்து நிறுக்கும் இடம் வரைக்கும் கேட்கிற மாதிரி 'சர்ர்ர்' என்று உறிஞ்சுவார். கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றுவார். பிறகு காலடியில் இருக்கிற படிக்கத்தில் துப்பிவிடுவார். "தேறும்" என்பார், இல்லாவிட்டால் "தேறாது" என்பார். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் "ஆறவிட்டுப் பாக்கணும்" என்பார். சூட்டில் எல்லாத் தேயிலையும் நல்ல பிள்ளைதான், ஆறின பிறகுதான் அதன் குணம் தெரியும் என்பது அவர் கட்சி.

தொழிலாளிகள் குடியிருக்கிற லைன் வீடுகளில் அவருக்குத் துப்புக் கிராணி என்று பெயர். எஸ்டேட்டில் பேனா பிடிக்கிறவர்கள் எல்லாரும் கிராணிதான்; இவர் துப்பிச் சம்பாதிக்கிற கிராணி. அவர் காதுபடச் சொன்னாலும் கோபப்பட மாட்டார். "முழுங்கினா நாக்கு கெட்டுப்போயிரும்லா. நாக்கு கெட்டுப்போனா எனக்கு என்ன மரியாதை?" என்று சிரிப்பார்.

ஒருமுறை பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா ஒவ்வொரு இலையாகக் குனிந்து "எப்படி இருக்கு, எப்படி இருக்கு" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், போயும் போயும் இவரிடமும் கேட்டுவிட்டார். இவர் ரசத்தைக் கையில் ஊற்றி உறிஞ்சி, கண்ணை மூடி, "ரசம் தேறாது. பாயசம் ஆறவிட்டுப் பாக்கணும்" என்றார். பெண்ணின் அப்பா முகம் செத்துப்போய்விட்டது. நான் இலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். வெளியே வந்து, "ஏன் சார், ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொன்னா குறைஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டேன். "ஒரு தடவ பொய்யா தேறும்னு சொன்னா, அப்புறம் நான் சொல்ற எந்தத் தேறுமுக்கும் விலை இல்ல தங்கச்சி" என்றார். அந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. நான் ஒரு மடச்சி.

நான் எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்ட். கொழுந்து பறிக்கிற முத்தம்மாவின் மகள், தலையில் கூடை மாட்டாமல் விரலால் பிழைக்கிறாள் என்று லைனில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் வயிற்றெரிச்சல். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி இறந்து, ஒரே பிள்ளை சிங்கப்பூருக்குப் போய்விட்ட வீட்டில் தனியாக இருந்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், மலைக்குக் கீழே ஈப்போவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப்போன லோரி திரும்பி வரும்போது அவருக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கியது.

லைனே திரண்டு போய்ப் பார்த்தது. பச்சை எழுத்து வரும் ஒரு பெட்டி, அதன் வயிற்றில் டிஸ்க் சொருக இரண்டு வாய். "இது என்னங்க செய்யும்?" என்று என் அம்மா கேட்டாள். "ஒண்ணும் செய்யாது முத்தம்மா. டிஸ்க்கு போட்டாத்தான் செய்யும். நல்ல டிஸ்க்கு எதுன்னு தேடணும்" என்றார். "அப்ப அடுப்பு வாங்கிட்டு அரிசி தேடுறீங்க" என்றாள் அம்மா. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்றைக்கு மென்பொருள் என்று அழகாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு அன்றைக்கு எல்லாமே டிஸ்க்குதான். ஈப்போவில் ஒரு கடை இருந்தது. அதன் தவுக்கே, அதாவது சீன முதலாளி, எங்கெங்கிருந்தோ வரும் டிஸ்க்குகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பார், ஊறுகாய்ப் பொட்டலம் மாதிரி. எது உருப்படி, எது குப்பை என்று தவுக்கேவுக்கே தெரியாது. எங்கள் ஆள் மாதம் ஒரு தடவை இறங்கிப்போய்ப் பத்து பொட்டலம் அள்ளிக்கொண்டு வருவார். மாதக் கடைசியில் பத்துக்கும் தீர்ப்பு எழுதி அனுப்புவார். கடைக்காரர் அதை விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் அச்சடித்துத் தருவார். பினாங்கு, கோலாலம்பூர் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் அந்தப் பின்பக்கத்துக்காகவே பட்டியலைக் கேட்டு வாங்கினார்களாம்.

அந்தத் தீர்ப்புகளை டைப் அடித்தவள் நான். அவருக்கு ஒற்றை விரல். ஒரு வரி அடிப்பதற்குள் ஒரு கிண்ணம் தேயிலை ஆறிவிடும். அதனால் சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு முன்னறைக்குப் போவேன், அவர் நடந்துகொண்டே தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். அவர் பேச்சு முழுக்க தேயிலைப் பேச்சு. "நிறம் இருக்கு, பிடிப்பு இல்ல." "முதல் வாய் நல்லா இருக்கு, மூணாவது வாய்ல கசக்குது." இதையெல்லாம் நான் கம்ப்யூட்டர் வாங்குகிற வெள்ளைச்சட்டைக்காரனுக்குப் புரிகிற மாதிரி மாற்ற வேண்டும். தேறும் என்பதற்கு 'பாஸ்' என்று போட்டேன், தேறாது என்பதற்கு 'ஃபெயில்'. ஆறவிட்டுப் பாக்கணும் என்பதற்கு மட்டும் கடைசி வரைக்கும் எனக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை.

மலையில் ஈரம் அதிகம். டிஸ்க்குகளில் பூஞ்சணம் பிடித்துவிடும். அவர் அவற்றை ஈயத்தாள் ஒட்டிய ஒரு பழைய தேயிலைப் பெட்டியில், காய்ந்த தூள் மூட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தார். தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டிஸ்க்கை எடுத்துச் சொருகினால் கம்ப்யூட்டரே டீ குடித்த மாதிரி மணக்கும். அதே பெட்டியில்தான் அவருடைய நோட்டும் இருக்கும். சிவப்பு முதுகு வைத்த நீள நோட்டு. ஒவ்வொரு டிஸ்க்கையும் பார்க்கப் பார்க்க, கண்டதைத் தமிழில் அதில் குறித்துக்கொள்வார். அதை நான் தொட்டதில்லை. கேட்டதற்கு, "அது எச்சில் நோட்டு. துப்பினதெல்லாம் அதுல இருக்கு" என்றார்.

சோதிக்கிற விதத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. டிஸ்க்கோடு வருகிற மாதிரிகளைத் தொடவே மாட்டார். "அவன் கொடுக்குற உதாரணத்த வச்சுப் பாத்தா எல்லாமே தேறும். பொண்ணு பாக்கப் போறப்ப வீட்டுக்காரன் காட்டுற பக்கத்தையா பாப்பாங்க? நம்ம சரக்கப் போட்டுப் பாக்கணும்" என்பார். நம்ம சரக்கு என்றால் மழைக்குறிப்பு, கவாத்து வெட்டுகிற முறை, எஸ்டேட் ஆட்களின் பெயர். எழுத்துப்பிழை பார்க்கிற ஒரு டிஸ்க்கு வந்தது. தவுக்கே ஆகா ஓகோ என்று கொடுத்துவிட்ட சரக்கு. இவர் அதில் எங்கள் லோரி டிரைவர் முனியாண்டியின் பெயரைப் போட்டார். அது கொஞ்ச நேரம் முனகிவிட்டு, முனியாண்டி தப்பு, 'மண்டே' என்று திருத்திக்கொள் என்றது. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "முனியாண்டிய திங்கக்கிழமையாக்குற டிஸ்க்கு தேறாது. அடி" என்றார். அடித்தேன். தவுக்கே அடுத்த மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "கடைக்காரன் மூஞ்சியப் பாத்தா தீர்ப்பு சொல்றது?" என்று அவர் கேட்டபோது, எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது எனக்கு.

அதற்கு ரொம்ப முன்னால், பெயர்ப்பட்டியல் போடுகிற ஒரு டிஸ்க்கும் வந்திருந்தது. ஆளுக்கு ஒரு அட்டை மாதிரி திரையில் வரும். பெயர், வயது, விலாசம் எல்லாம் அடித்துச் சேமித்தால், எத்தனை ஆயிரம் பேரானாலும் அகர வரிசையில் அடுக்கி வைத்துக்கொள்ளும். அதற்குத் தீர்ப்பு சொன்ன சனிக்கிழமை அவர் நடக்கவில்லை, ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டே சொன்னார். "பேருங்கள அடுக்குறதுக்கு இத விட நல்லது இல்ல. பாஸ்" என்றார். அவ்வளவுதான். நிறமும் இல்லை, பிடிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. "இவ்ளோதானா சார்?" என்று கேட்டேன். "இவ்ளோதான்" என்றார். நானும் அடித்துக் கவரில் போட்டேன்.

இப்போது என் அம்மாவுக்கு வருகிறேன்.

அம்மாவிடம் இருந்தது சிவப்பு ஐ.சி. குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அடையாள அட்டை, இல்லாதவர்களுக்குச் சிவப்பு. இதே நாட்டில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள்தான். ஆனால் பிறந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவளுடைய அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அவளுக்கு அவர் முகம் ஞாபகமில்லை, படமும் இல்லை. பெயர் மட்டும் இருந்தது. தேர்தல் வந்தால் லைனில் நீல அட்டைக்காரர்கள் எல்லாம் குளித்து, பூ வைத்துக்கொண்டு ஓட்டுப் போடக் கிளம்புவார்கள். அம்மாவும் கூடவே போவாள். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று, உள்ளே வரிசையில் நிற்கிறவர்களின் கைப்பிள்ளைகளை வாங்கி வைத்துக்கொள்வாள். "நானும் ஒரு தடவ உள்ள போயிப் பாக்கணும்டி. என் கைல யாரு பிள்ளையும் இல்லாம" என்பாள். அவளுக்கு வேறு ஆசை ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அந்த வருஷம், நீல அட்டைக்கு மனு வாங்க ஓர் அதிகாரி எங்கள் மலை டவுனான தானா ராத்தாவுக்கு ஒரே ஒரு நாள் வருகிறார் என்று துரை ஆபீஸுக்குத் தகவல் வந்தது. முன்கூட்டியே பெயர்ப்பட்டியல் டைப் அடித்து அனுப்ப வேண்டும், பட்டியலில் முழுப் பெயரோடு இருப்பவர்களைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் எஸ்டேட்டில் நாற்பத்து மூன்று பெண்கள் சிவப்பு அட்டையோடு இருந்தார்கள். துரை என்னைப் பார்த்து, "நீ பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு கோல்ஃப் விளையாடப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் முழுப் பெயர் என்றால் அப்பா பெயரோடு சேர்த்துத்தான். ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி. மலாயில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதன் சுருக்கம். நடுவில் ஒரு சாய்கோடு. அந்தக் கோடு இல்லாமல் இந்த நாட்டில் தமிழருக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழும் கிடையாது, சாவுச் சான்றிதழும் கிடையாது.

நேரே அவரிடம் போனேன். "சார், அந்தப் பேர் அடுக்குற டிஸ்க்குல போட்டுறலாமா? அது தேறின டிஸ்க்குதானே?"

 "பாஸ்னு நீதானே டைப் அடிச்ச" என்றார்.

பாருங்கள், ஆமாம் என்று சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

வேலை முடிந்து சாயங்காலம் சாயங்காலமாக ஐந்தாறு பெண்கள் அவர் வீட்டுக்கு வருவார்கள். கை கால் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, கோயிலுக்கு வருகிற மாதிரி. அவர்கள் சொல்லச் சொல்ல நான் நேராக அடித்தேன். தாளில் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அடிக்கிற வேகத்துக்குத் தாள் எதற்கு என்ற திமிர் எனக்கு. லெட்சுமி ஏ/பி ராமசாமி. லெட்சுமி ஏ/பி சின்னப்பன். லெட்சுமி ஏ/பி காளிமுத்து. எங்கள் எஸ்டேட்டில் ஆறு லெட்சுமி, ஐந்து மாரியாயி.

அவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, "பேர மட்டும் போட்டாப் போதாதா தங்கச்சி? அப்பா பேரு எதுக்கு?" என்றார். "நல்லா கேட்டீங்க போங்க. அப்பா பேரு இல்லாம ஆறு லெட்சுமிய எப்படிப் பிரிக்கிறது?" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். டீ போடட்டுமா என்று கேட்டார். எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தார்.

கடைசி நாள் என் அம்மா வந்தாள். அவள் பெயரை அடித்தேன், சாய்கோட்டைப் போட்டேன், அவள் அப்பாவின் பெயரையும் அடித்தேன். "இதாம்மா தாத்தா பேரு" என்று திரையில் தொட்டுக் காட்டினேன். அம்மா கிட்டே வந்து, கண்ணாடியில் மூச்சுப் படுகிற அளவுக்கு முகத்தை வைத்துப் பார்த்தாள். "எங்கப்பன் பேரா இது? பச்சையா, கொழுந்தாட்டம் இருக்கே" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும்ங்க" என்றாள். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். வெட்கங்கெட்ட மனிதர், கும்பிட்டார்.

நான் சேமிக்கிற பொத்தானை அழுத்தினேன். அம்மாவின் அட்டை மறைந்து அடுத்த காலி அட்டை வந்தது.

அவரிடம் அச்சடிக்கிற கருவி கிடையாது. அதனால் டிஸ்க்கை பஸ்ஸில் ஈப்போ கடைக்குக் கொடுத்துவிட்டோம். அவர்கள் அச்சடித்து நேராக அதிகாரி வரும் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினார்கள். பட்டியலை நான் கண்ணால் பார்க்கவில்லை. தேறின டிஸ்க்கு, அவர் சொன்ன டிஸ்க்கு, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அந்த நாள் எஸ்டேட் லோரியில் நாற்பத்து மூன்று பேரும் தானா ராத்தா போனோம். அவரையும் கூப்பிட்டேன். "இன்னைக்குக் கொழுந்து ஜாஸ்தி. ஃபேக்டரிய விட்டு வர முடியாது" என்றார்.

அதிகாரி நல்ல மாதிரியான மலாய்க்காரர், வயதானவர். பட்டியலைக் கையில் எடுத்து, "லெட்சுமி ஏ" என்று கூப்பிட்டார். ஆறு பேர் எழுந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அனாக் சியாப்பா?" என்று கேட்டார். யாருடைய மகள் என்று அர்த்தம். நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

லெட்சுமி ஏ. லெட்சுமி ஏ. மாரியாயி ஏ. முத்தம்மா ஏ. மூன்று பக்கமும் அப்படியே இருந்தது. சாய்கோடும் இல்லை, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நாற்பத்து மூன்று பெண்களும் அப்பன் இல்லாமல் பிறந்த மாதிரி நின்றார்கள்.

அதிகாரி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இப்படி வாங்க முடியாது, மகளே. வேண்டுமானால் ஒவ்வொருவருக்கும் புதுப் படிவம் கையால் எழுதிக் கொடு. நாலு மணிக்கு நான் மூட வேண்டும்" என்றார். படிவம் மலாயில், நாலு பக்கம். எங்கள் கூட்டத்தில் மலாய் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சுவர் ஓரம் தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ஒருத்தி முடிந்ததும் அடுத்தவள். அம்மாவை இழுத்து முதலில் உட்கார வைக்கப் பார்த்தேன். அவள் கையை உதறினாள். "போடி, எழுதுறவ ஆத்தாள முதல்ல எழுதினா ஊரு என்ன பேசும்? அவங்கள எழுது. நான் எங்க ஓடிறப் போறேன்?"

பத்தொன்பது பேரை எழுதினேன். இருபதாவது படிவத்தில் பாதியில் இருந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். அம்மா வரிசையில் கடைசியில், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

லோரியில் திரும்பும்போது யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. இறங்கின கையோடு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று கத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "டிஸ்க்குல ஈரம் ஏறியிருக்கும் தங்கச்சி. பஸ்ஸுல போனதுலா, மழ வேற" என்றார். நான் நம்பினேன். அவரிடம் போய்க் கத்தினோமே என்று மறுநாள் மன்னிப்பு வேறு கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்து வந்த தேர்தலில், அந்தப் பத்தொன்பது பேரில் நீல அட்டை கிடைத்தவர்கள் முதல்தடவையாக வரிசையில் நின்றார்கள். அம்மா வேலிக்கு வெளியே அவர்களுடைய பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்றாள். அதிகாரி மறுபடி மலைக்கு வரவில்லை. கீழே இறங்கி, பஸ் மாறி மாறி ஒரு நாள் முழுக்கப் போய் வருகிற இடத்தில்தான் மனு வாங்கினார்கள். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. வளைவில் பஸ் திரும்பினாலே அவளுக்கு மூச்சு முட்டும். ஒரு தடவை கிளம்பி ரிங்லெட்டோடு திரும்பினோம்.

இதற்கு நடுவில் அவருடைய புத்தகம் வந்தது. ஈப்போ தவுக்கே அவர் தீர்ப்புகளையெல்லாம் தொகுத்துப் போட்டிருந்தார். நல்ல அட்டை. அட்டையில் பாதிக்கு அவர் பெயர். எனக்கும் ஒன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு அந்தக் கடையிலேயே போய் உட்கார்ந்தார். போகிற அவசரத்தில் தேயிலைப் பெட்டியை விட்டுவிட்டார். "லோரியில அனுப்பி வை தங்கச்சி" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால், உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். அவருக்கு நல்லது செய்யத்தான் திறந்தேன். சிவப்பு முதுகு நோட்டு மேலேயே இருந்தது. புரட்டினேன். முனியாண்டி திங்கட்கிழமை ஆன பக்கம் வந்தது, சிரித்தேன். அதற்கு ஐம்பது அறுபது பக்கம் முன்னால் பெயர் அடுக்குகிற டிஸ்க்கு. அவருடைய குண்டு குண்டான கையெழுத்து:

'நம்ம ஆட்கள் பெயரைப் போட்டுப் பார்த்தேன். அடிக்கும்போது சரியாகத் தெரிகிறது. சாய்கோடு போட்டால் அதற்குப் பின்னால் இருப்பது சேமிக்கும்போது போய்விடுகிறது. ஏ/எல், ஏ/பி எல்லாம் போகும். அப்பன் பெயர் நிற்காது. தேறாது.'

'தேறாது' என்பதை அடித்துவிட்டு, வேறு மையில் 'தேறும்' என்று எழுதியிருந்தது.

பெட்டியை லோரியில் ஏற்றவில்லை. நோட்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஈப்போவுக்கு இறங்கினேன். கடையில் கூட்டம் இல்லை. அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வா வா, உக்காரு" என்று டீ வரவழைத்தார். நான் நோட்டை அந்தப் பக்கத்தில் திறந்து மேசையில் வைத்தேன்.

அவர் குனிந்து அதைப் படித்தார்.

"தவுக்கே அந்த டிஸ்க்க நூறு வாங்கிப் போட்டிருந்தாரு" என்றார். "அத ஃபெயிலாக்கினா புத்தகம் இல்லைன்னுட்டாரு."

"புத்தகத்துக்காகவா சார்?"

"நீ லேசாச் சொல்லிருவ. முப்பது வருஷம் ருசி பாத்தேன். பெட்டி பெட்டியா கப்பல்ல போச்சு. பெட்டி மேல யாரு பேரு இருந்துச்சு? கம்பெனி பேரு. என் நாக்கு, அவன் பேரு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என் பேரு அச்சுல வரட்டுமேன்னு நெனச்சது தப்பா?"

"தப்பில்ல சார். நான் பேரு அடிக்கிறப்ப பின்னாடி உக்காந்து பாத்துட்டு இருந்தீங்களே. நாப்பத்து மூணு தடவ அந்தக் கோட்டப் போட்டேன். ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

"அப்ப புத்தகம் அச்சுல இருந்துச்சு, தங்கச்சி."

"எங்கம்மா உங்களக் கும்பிட்டாளே சார்!"

 அவர் முன்னால் இருந்த டீயை எடுத்துக் கடகடவென்று குடித்தார். உறிஞ்சவில்லை, துப்பவில்லை. தொண்டை மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் டீயை நான் தொடவில்லை. எழுந்து வந்துவிட்டேன். 

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், மழை ஈரம்தான் கெடுத்துவிட்டது என்றே அவள் கடைசிவரை நம்பினாள். "அந்த மனுசன் ஈப்போவுல நல்லா இருக்காராமா?" என்று அவ்வப்போது கேட்பாள். நல்லா இருக்காராம் என்பேன். சிவப்பு அட்டையோடுதான் போனாள். தலையணைக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அழவில்லை. ஆனால் இன்றைக்கும் ஒரு பொருளை வாங்கும் முன்னால், கடைக்காரன் காட்டுகிற பக்கத்தை விட்டுவிட்டு நம்ம சரக்கைப் போட்டுத்தான் பார்க்கிறேன். அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், என்ன கழுவினாலும் போகவில்லை. அவரை ஆறவிட்டும் பார்த்தேன். இத்தனை வருஷம் ஆறவிட்டேன். தேறவில்லை.

இவ்வளவு சொன்னவள் அவர் பெயரைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். அவர் பெயர் ஒரு புத்தக அட்டையில் பாதிக்குப் பெரிதாக அச்சாகியிருக்கிறது, அது போதும். அச்சில் வராமல் போன ஒரு பெயர் இருக்கிறது. அதை இங்கே நானே அடித்துவிடுகிறேன்.

முத்தம்மா ஏ/பி பெருமாள்.